மழை பிடித்தால் எரியும் வயிறு

வைத்தியரைக் கேளுங்கள்: இம்முறை வயிறும் மனமும்

கேள்வி: டாக்டரம்மா, மூன்று வருடமாகத் தினமும் ஒமிப்ரசோல் போடுகிறேன். முதல் ஹயர் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாடு கிடையாது. நெஞ்செரிச்சல் வந்தால் ஒரு குளிசை, இரவு இடுப்பு வலிக்கு இன்னொரு குளிசை. எரிச்சல் குறையவில்லை. எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன் என்று வீட்டிலும் சண்டை. இதைவிடப் பலமான குளிசை எது?
– ஓட்டோ சாரதி, பண்டாரவளை

பதில்: பலமான குளிசை தேட வேண்டாம். கையில் இருப்பதையே பிழையாகப் போடுகிறீர்கள். ஒமிப்ரசோல் எரியும்போது ஊற்றி அணைக்கும் தண்ணீர் அல்ல. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போட வேண்டியது. சாப்பாடே இல்லாத வயிற்றில் அது பாதி வேலைதான் செய்யும்.

இடுப்பு வலிக் குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகையாக இருந்தால், அந்த எரிச்சலை நீங்களே கடையில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். வீட்டில் இருக்கும் குளிசை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒமிப்ரசோலைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கும், நீங்கள் பயந்துபோய் மறுபடி தொடங்குவீர்கள். வைத்தியர் சொல்லும் கணக்கில் குறையுங்கள். இவ்வளவு காலம் போட்டவருக்கு பி12 விட்டமினையும் பார்க்க வேண்டும். அது குறைந்தால் கால் விறைக்கும், மறதி வரும், தொட்டதற்கெல்லாம் கோபமும் வரும். மலம் கறுத்தால் அன்றே, எடை இறங்கினாலோ, சோறு விழுங்கும்போது சிக்கினாலோ அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: சாப்பிட்டதும் ஒரு போத்தல் சோடா குடித்தால் வாயு கலையுமா?
– ஹாலிஎல வாசகர்

பதில்: கலையாது. சோடாவில் இருப்பதே வாயுதான்.

கேள்வி: கொழுந்தெடுக்கிறேன், வயது 34. மலை ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளை அடித்துவிடுகிறேன், பிறகு நானே அழுகிறேன். மாமியார் காத்துக் கருப்பு என்கிறார். வீட்டுக்காரர் மனசு சரியில்லை என்கிறார். காலையில் ரொட்டியும் சாயமும், பத்து மணிக்குச் சாயம், பகலில் ரொட்டி, சம்பல், சாயம். இரவில்தான் சோறு.
– பூனாகலை வாசகி

பதில்: தங்கச்சி, கோயிலுக்கும் மந்திரிக்கிறவரிடமும் போவதற்கு முன்னால் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் உங்களுக்கு இரத்தசோகை. படபடப்பு, மூச்சு வாங்குதல், எரிச்சல், அழுகை எல்லாவற்றையும் அது ஒன்றே கொண்டு வரும். எத்தனையோ பெண்களை "மனசு சரியில்லாதவள்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்திருந்தது இரும்புச்சத்து.

தேயிலையைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. சாயத்தில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒவ்வொரு கோப்பையும் நீங்கள் சாப்பிட்ட இரும்பில் ஒரு பங்கை வெளியே அனுப்புகிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, இந்த மலையில் யாரும் விடப் போவதுமில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். ரொட்டியோடு வெந்நீர் போதும். சம்பலில் தேசிக்காய் பிழியுங்கள், அது இரும்பை உள்ளே எடுக்க உதவும். முருங்கையிலையோ வல்லாரையோ ஏதாவது ஒரு கீரை, கொஞ்சம் நெத்தலி, பருப்பு. வாரத்தில் இரண்டு நாள் கோதுமை மாவுக்குப் பதில் குரக்கன் மாவில் ரொட்டி சுடுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. லயத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைத் தின்றுவிட்டு, விடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவது உங்கள் மனைவி. அவருடைய நாள் பேரும் கிலோவும் அந்த உடம்பிலிருந்துதான் வருகின்றன. முதல் கரண்டியை அவருடைய கோப்பையில் போடுங்கள்.

இரும்புக் குளிசை தந்தால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். இரத்தம் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பூச்சி மருந்தையும், மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் வைத்தியரிடம் கேளுங்கள். இரத்தம் சரியான பிறகும் அழுகை நிற்கவில்லை என்றால் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதுகிறேன். பரீட்சை நாள் காலையில் மட்டும் மூன்று முறை வயிறு போகிறது. எனக்கு ஏதாவது பெரிய வருத்தமா?
– ஹல்துமுல்ல மாணவி

பதில்: இல்லை மகள். உன் குடலின் சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேல் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. பயம் மூளைக்கு வந்தால் அங்கேயும் சேதி போகும். 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு பட்ட ஓர் இளைஞரின் இரைப்பையில் ஆறாத துளை ஒன்று நிலைத்துவிட்டது. வில்லியம் போமொண்ட் என்ற வைத்தியர் அந்தத் துளை வழியாக வருடக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்தார். அந்த மனிதர் கோபப்பட்டால் சமிபாடும் கெடுவதை அவர் கண்ணால் கண்டார். 1833இல் அது நூலாக வந்தது. உனக்கு நடப்பதும் அந்த வகைதான்.

பரீட்சை நாளில் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் பாண் போதும். மண்டபத்துக்குள் போகும் முன் ஐந்து நிமிடம் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடு. பட்டினியோடு மட்டும் போகாதே. இரத்தம் போனாலோ, வயிறு நித்திரையிலிருந்து உன்னை எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ அது வேறு விஷயம், வந்து காட்டு.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. சோறு வேண்டாம் என்கிறான். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிறேன். போதுமா?
– பசறை வாசகி

பதில்: போதாது. தேத்தண்ணியை இன்றே நிறுத்துங்கள். பசி தானாக வரும்.

கேள்வி: மலையில் மலசலகூடம் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் மலம் போகிறது. வயிறு கனத்து, தலை கனத்து, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பேதி மருந்து எடுக்கலாமா?
– தெமோதரை வாசகி

பதில்: பேதி மருந்து ஒரு நாளைக்குக் குடலைக் கழுவும், அடுத்த நாள் பழைய கதைதான். விடிய எழுந்ததும் இரண்டு கோப்பை வெந்நீர் குடித்து, பிரட்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரத்துக்கு. இரவில் கீரையும் பழமும் சேருங்கள். மலையிலிருந்து இறங்கியதும் மறுபடி தண்ணீர்.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பெண் எட்டு மணித்தியாலம் தாகத்தை அடக்கினால் மலச்சிக்கல் மட்டும் வராது, சலக்கடுப்பும் வரும், சிறுநீரகமும் கெடலாம். இதற்கு மருந்து என்னிடம் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மலசலகூடமும் தண்ணீர்க் குழாயும் கட்டுவதுதான் மருந்து. தொழிற்சங்கத் தலைவர் அடுத்த தடவை தோட்டத்துக்கு வரும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள். ஒருவராக வேண்டாம், மலையில் கொழுந்தெடுக்கும் எல்லாப் பெண்களும் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: மகிழ்ச்சி தரும் செரட்டோனின் குடலில்தான் சுரக்கிறதாம். தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டால் மனச்சோர்வுக் குளிசையை நிறுத்திவிடலாமா?
– பதுளை ஆசிரியர்

பதில்: நிறுத்தக் கூடாது. செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருப்பது உண்மை. ஆனால் அது மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

அதற்காகச் சாப்பாட்டுக்கும் மனத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது. 2017இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில் மனச்சோர்வுள்ள 67 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு 12 வாரம் நல்ல சாப்பாட்டுக்கு வழிகாட்டினார்கள், மறு பாதியினரோடு பேசித் துணையிருந்தார்கள். சாப்பாட்டை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோயிலிருந்து மீண்டார்கள், மற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். சிறிய ஆய்வுதான், ஆனால் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள் அதையும் தொடர்ந்தார்கள். ஒலிவ் எண்ணெய் தேடி ஓட வேண்டாம். தீட்டாத அரிசி, குரக்கன், பருப்பு, போஞ்சி, கீரை, மீன், தயிர் எல்லாம் பதுளைச் சந்தையிலேயே கிடைக்கும். குளிசையோடு இதையும் சேருங்கள்.

கேள்வி: நாங்கள் மீரியபெத்தயில் இருந்தவர்கள். மண்சரிவில் அம்மா தன் தங்கச்சியையும் அவர் பிள்ளைகளையும் இழந்தார். இப்போது மகல்தெனியவில் வீடு இருக்கிறது. ஆனால் ஒக்டோபர் வந்து மழை பிடித்தால் அம்மாவுக்கு வயிறு எரியத் தொடங்கும். சோறு இறங்காது, இரவெல்லாம் வாசலில் நின்று மலையைப் பார்ப்பார். எண்டொஸ்கொப்பி செய்து, "ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வயிற்று வலியைப் பற்றி வாயே திறப்பதில்லை.
– மகள், கொஸ்லந்த

பதில்: மகள், உன் கடிதத்தின் கடைசி வரியில்தான் என் மனம் நிற்கிறது. வலியைச் சொன்னவரை வாயடைக்கச் செய்வது வைத்தியம் அல்ல. எண்டொஸ்கொப்பி சுத்தமாக வந்தது நல்ல சேதி. அம்மாவுக்குப் புண் இல்லை, கட்டி இல்லை. வலி இல்லை என்று மட்டும் அந்தப் படம் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் வயிற்றுப்புண் என்றாலே கவலையால் வந்தது என்றார்கள். 1982இல் பெரி மார்ஷலும் ரொபின் வொரனும் இரைப்பையில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பல புண்களுக்கு அதுதான் காரணம் என்று தெரிந்தது, 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் பிறகு நாங்கள் வைத்தியர்கள் மறு கரைக்குப் போய்விட்டோம். கிருமியோ புண்ணோ தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் "மனசு". இரண்டும் பிழை. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் பெரிய நரம்பில் பத்தில் எட்டு இழைகள் வயிற்றிலிருந்து மேலே சேதி கொண்டு போகிறவை. பயந்த மனம் வயிற்றை இறுக்குகிறது, இறுகிய வயிறு இன்னும் பயம் இருக்கிறது என்று மேலே சொல்கிறது. வருடத்துக்கு வருடம் அந்தப் பாதை பழகிப்போகிறது. பிறகு சாதாரணமாகச் சோறு இறங்குவதுகூட வலியாகத் தெரியும். உன் அம்மா நடிக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை மீரியபெத்தயில் மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. உயிர் தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களிலும் பிறகு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் கிடந்தார்கள். வீடு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அந்தக் காலத்தில் இவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்க வேண்டிய சொந்தம் பலருக்கு மண்ணுக்குள் இருந்தது. பலருக்கு உடலும் கிடைக்கவில்லை, காரியம் செய்யவும் வழியில்லை. அழுது தீர்க்க இடம் கிடைக்காத துக்கம் வயிற்றில் போய் உட்காருவதை வெளிநோயாளர் பிரிவில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள். "கேஸ்ட்ரைட்டிஸ்" என்றுதான் துண்டு எழுதிக்கொண்டு வருவார்கள். யாரை இழந்தீர்கள் என்று கேட்டால்தான் மீதி வரும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், வலி உண்மை என்று அம்மாவிடம் நீ சொல். அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அவரோடு நீயும் போ. வயிற்றை ஆற்றவும் மனத்தை ஆற்றவும் ஒரே மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கும் முறை உண்டு. அது பைத்தியத்துக்கான மருந்து அல்ல. பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு. நடு இரவில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழை.

மழை மாதத்தில் மூன்று வேளைச் சோற்றுக்கு மல்லுக்கட்டாதே. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கஞ்சி, குழைந்த சோறும் பருப்பும், ஒரு பழம். கோப்பையை வைத்துவிட்டுப் போகாதே. நீயும் உன் கோப்பையோடு பக்கத்தில் உட்கார்.

இன்னொன்று. "பயப்படாதீங்க" என்று அம்மாவிடம் சொல்லாதே. மீரியபெத்த ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். அப்படி இழந்த ஒருத்தி மழையில் மலையைப் பார்ப்பது நோய் அல்ல, அறிவு. அந்த அறிவுக்கு ஒரு வேலை கொடு. மண்சரிவு எச்சரிக்கையை ரேடியோவில் கேட்பது அம்மாவின் பொறுப்பாக இருக்கட்டும். அடையாள அட்டைகள், மருந்து, டோர்ச் எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலருகே வையுங்கள். எங்கே போவது, எந்த வழியால் போவது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். போக வழி தெரிந்த மனம் கொஞ்சம் உட்காரும், வயிறும் அதோடு உட்காரும்.

ஒக்டோபர் 29 அன்று அவரைத் தனியாக விடாதே. தங்கச்சிக்குப் பிடித்ததைச் சமைக்கச் சொல். படைத்துவிட்டு, நீங்கள் இருவரும் அதைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கொழும்பில். நான் தனி. ஒருத்திக்கு எதற்கு உலை என்று பணிஸும் தேத்தண்ணியுமாகப் படுத்துவிடுகிறேன். நித்திரை வருவதில்லை. இதுவும் ஒரு வருத்தமா?
– 68 வயது வாசகி, லுணுகலை

பதில்: ஆமாம் அம்மா, வருத்தம்தான். உங்கள் லயத்திலேயே இன்னும் ஒருவர் இப்படித் தனியாகப் படுத்திருப்பார். ஒரு நாள் உங்கள் அடுப்பில், மறுநாள் அவர் அடுப்பில். அரிசியை இரண்டு பேருக்கு அளந்து போடுங்கள். ஒரு மாதம் கழித்து நித்திரை எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.