அம்மா, அப்பாவின் மறதி: ஸ்மார்ட்வாட்ச் சொல்லும் குறிப்புகள்

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவின் கிராமவாசிகளை, இந்நோயை ஆராய்வதற்காகப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. வீட்டில் ஸ்மார்ட்வாட்ச் மூலம் பெற்றோரைக் கவனிக்கவும் இதே பொறுமைதான் தேவை.

* பெரியவர்களிடம் விளக்கி, சம்மதம் பெற்ற பிறகே வாட்ச்சைக் கட்டிவிடுங்கள்.
* முதல் ஒரு மாதப் பதிவை அவரவருடைய இயல்பான அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறருடன் ஒப்பிட வேண்டாம்.
* நடை வேகம் குறைவது, இரவுத் தூக்கம் அடிக்கடி கலைவது, பகலில் அதிகம் உறங்குவது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் கவனியுங்கள். ஒருநாள் மாற்றத்துக்குப் பதற வேண்டாம்.
* இதயத்துடிப்பு சீராக இல்லையென வாட்ச் எச்சரித்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். சீரற்ற துடிப்பு பக்கவாதத்துக்கும் மறதிநோய்க்கும் வழிவகுக்கலாம்.
* மருந்து, பணம், பழகிய வழி ஆகியவற்றில் வரும் குழப்பத்தைத் தேதியுடன் நோட்டில் எழுதுங்கள்.
* வாட்ச் நோயை உறுதி செய்யாது. பதிவுகளுடன் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மூளை, மனநல மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.
* முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416.