கை வீசும் முன் மிதக்கப் பழகுங்கள்

கோடை விடுமுறையிலும் ஆடிப்பெருக்கு நாட்களிலும் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. குளிக்கப் போன பிள்ளை மூழ்கினான், காப்பாற்றக் குதித்தவரும் மூழ்கினார் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும். அதற்கு வீட்டில் உள்ள எல்லோரும் கற்க வேண்டியவை இவை.

1. இடமும் ஆளும்

நெஞ்சளவு தண்ணீரும், கால் ஊன்ற உறுதியான தரையும் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் உள்ள நீச்சல் குளத்தில் சேரலாம். சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் போல, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்கள் பல ஊர்களில் இருக்கின்றன.

கிணற்றில் பழகுவதென்றால் படி உள்ள கிணறாகப் பாருங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மோட்டார் உள்ள கிணறு என்றால் மெயினை அணைத்த பிறகே இறங்குங்கள். கல்குவாரிக் குட்டை, ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் இரண்டும் வேண்டவே வேண்டாம். முழங்கால் ஆழம் போலத் தெரியும். அடுத்த எட்டில் ஆளையே விழுங்கும்.

2. மூச்சு

நீருக்கு மேலே வாயால் இழுங்கள். முகத்தை நீருக்குள் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக விடுங்கள். பதற்றமில்லாமல் இருபது முறை செய்ய வந்தபின் அடுத்த படிக்குப் போங்கள்.

3. மிதத்தல்

எனக்கு நீச்சல் சொல்லித்தந்தவர் சித்தப்பா. முதல் நாள் கை வீசவே விடவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, பிடரிக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, "வானத்தைப் பாருடா, வயித்த இறுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்து ஊர்ச் சத்தமெல்லாம் அடங்கியது. அவர் கையை எடுத்துவிட்டார் என்பது, படியில் நின்று அவர் சிரித்தபோதுதான் தெரிந்தது.

செய்முறை இதுதான்: காதுவரை தலை நீருக்குள், முகவாய் மேலே, கைகள் விரிந்து, நெஞ்சு நிறைய மூச்சு. பயத்தில் தலையைத் தூக்கினால் கால் அமிழ்ந்துவிடும். களைத்துப்போனவரைக் காப்பாற்றுவது இந்த மிதப்புதான்.

4. காலும் கையும்

படியைப் பிடித்துக்கொண்டு கால் அடியுங்கள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடக்கி அடித்தால் தண்ணீர் தெறிக்குமே தவிர உடல் நகராது. கிராமங்களில் முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிப் பழக்குவார்கள். நல்ல முறைதான். ஆனால் முடிச்சு நழுவலாம். கேன் கட்டியிருக்கிறதே என்று பெரியவர்கள் கண்ணை எடுக்கக் கூடாது.

கால் பழகியபின் கைவீச்சு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குவது, நின்றபடி நீரை மிதிப்பது ஆகியவற்றைப் பழகுங்கள்.

ஆளைவிட ஆழமான நீரில் குதித்து, மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, திரும்பி 25 மீட்டர் நீந்தி, தானாகக் கரையேறத் தெரிந்தால்தான் நீச்சல் தெரியும் என்று பொருள்.

5. வயதுக்கு ஏற்ப

கைக்குழந்தை முதல் 4 வயது வரை: பெற்றோர் கைக்குள் வைத்து நீரோடு விளையாடவிட்டால் போதும். ஆபத்து வீட்டிலேயே இருக்கிறது. ஒரு சாண் தண்ணீர் உள்ள வாளியில் தலைகுப்புற விழும் குழந்தையால் எழ முடியாது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள், தரைத்தொட்டியை மூடுங்கள்.

4 வயதுக்கு மேல்: முறையான பயிற்சி தொடங்கலாம்.

பெரியவர்கள்: ஐம்பதிலும் கற்கலாம். புடவை காலைச் சுற்றும். இறுக்கமான நீச்சல் உடையே நல்லது. இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

6. ஆறும் கடலும்

குளத்தில் கற்ற நீச்சல் ஓடும் ஆற்றுக்குப் போதாது. அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் காவிரிக் கரையோடு நின்றுவிடுங்கள். கடலில், இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடமே உள்ளே இழுக்கும் ஓட்டமாக இருக்கலாம். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

7. ஒருவர் மூழ்கும்போது

மூழ்குபவர் பெரும்பாலும் கத்த மாட்டார். தலை பின்னால் சாய, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, கைகள் நீரை அழுத்தும். சத்தமே இருக்காது.

உடனே குதிக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை மீட்டார்கள். அந்த ஆண்டின் கல்பனா சாவ்லா விருது அவர்களுக்குக் கிடைத்தது. புடவை, வேட்டி, கயிறு, கம்பு, மூடிய காலி கேன், எது கைக்குக் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். கரையில் படுத்துக்கொண்டு இழுத்தால் நீங்கள் சரிய மாட்டீர்கள்.

8. கரைக்கு வந்தபின்

ஒருவர் 108ஐ அழைக்கட்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் கூடாது. பொன்னான நிமிடங்கள் வீணாகும். மூச்சில்லை என்றால், மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சல் வர ஒரு கோடை ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கிணற்றடியிலும் குளத்தங்கரையிலும் நீளமான கயிறு ஒன்றில் மூடிய கேனைக் கட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிடுங்கள். இன்றே செய்யுங்கள்.