ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்னால்…



வீட்டுல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா நாம என்ன செய்யறோம்? முதலில் ஒரு தட்டு தட்டுவோம். பிறகு ஆஃப் செய்து ஆன் செய்வோம். அதுவும் சரிவரலைன்னா ஸ்குரூ டிரைவர் எங்கேன்னு தேடுவோம். அந்த மூன்றாவது கட்டத்துக்குப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் மாமா நம் சின்ன காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நான் அங்கே ஸ்குரூ எடுத்துக் கொடுக்கும் உதவியாளன். (சம்பளம்: சாயங்காலம் ஒரு போண்டா, ஒரு டீ.) அங்கே வருகிற பெட்டிகளில் பல, தானாகக் கெட்டவை அல்ல. வீட்டில் யாரோ ஆசையாகத் திறந்து பார்த்த பிறகு கெட்டவை. திறந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆர்வம் இருக்கு, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசைதான் தெரியலை.

நம்ம ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்கா, அண்ணன்மார் வாங்கிய லேப்டாப்பை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதைவிட முக்கியம், பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் பார்டர், புட்டா, முந்தி எல்லாவற்றையும் இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அந்தப் பெட்டி நின்றால் தறிக்கு அடுத்த டிசைன் போகாது. டிசைன் போகலைன்னா கூலியும் வராது.

அப்படி ஒரு டிசைனர் வீட்டுப் பெட்டி சில மாதங்களுக்கு முன் மாமா கடைக்கு வந்தது. தினமும் காலையில் ஆன் செய்தால் தேதி 2010-க்குப் போய்விடும். இன்டர்நெட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வரும். அந்த வீட்டு அண்ணன் காலேஜில் படிக்கிறவர். ‘வைரஸ்தான், சந்தேகமே இல்லை’ என்று முடிவு செய்து, பென் டிரைவில் விண்டோஸ் கொண்டுவந்து, ஹார்டு டிஸ்க்கில் இருந்த எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிட்டார். மறுநாள் காலை ஆன் செய்தால், மறுபடியும் 2010!

கோளாறு வைரஸில் இல்லை. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் அதன் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடுவது இந்தப் பேட்டரியால்தான். சில வருடம் உழைத்த பிறகு அது தீர்ந்துபோகும். அப்போது கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். சரி, இன்டர்நெட் ஏன் தகராறு செய்தது? ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் 2010-இல் உட்கார்ந்துகொண்டு, இந்த வருடம் கொடுத்த சான்றிதழைப் பார்த்தால், ‘இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே’ என்று மறுக்கிறது. அதன் கணக்குப்படி அது சரிதானே!

மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றினார். அடுத்து தேதியைச் சரி செய்தார். ஐந்து நிமிட வேலை. ஆனால் அழிந்த டிசைன்களை மீட்கத்தான் இரண்டு நாள் ஆனது. ஃபைலை அழித்தாலும் அதன் எழுத்து டிஸ்க்கில் கொஞ்ச காலம் அப்படியே இருக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. இங்கே புது விண்டோஸ் மேலே எழுதிவிட்டதால் பல டிசைன்கள் பாதிதான் கிடைத்தன. சில பார்டர்களுக்குப் பழைய ஜக்கார்டு அட்டைகள் பரணில் கட்டி வைத்திருந்தார்கள். அந்த ஓட்டைகளைப் பார்த்து அந்த அண்ணனின் அப்பா மறுபடியும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார். அட்டை இல்லாத டிசைன்கள் போனது போனதுதான். அந்த அப்பா மகனைத் திட்டவில்லை. கடை பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த அட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1800-களின் தொடக்கத்தில் தறிக்கு ஓட்டை போட்ட அட்டையைப் பயன்படுத்தினார். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவர் ஓட்டை அட்டைகளை வைத்து இயந்திரத்தால் எண்ணினார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல ஆண்டுகள் அட்டையில்தான் புரோகிராம் எழுதினார்கள். ஆக, நம்ம ஊர் தறிக்காரர்கள் கம்ப்யூட்டருக்குத் தூரத்துச் சொந்தம்!

கோளாறு கண்டுபிடிப்பதிலும் அவர்களிடம் கற்க இருக்கிறது. சேலையில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் பாவில் இழை அறுந்திருக்கிறது என்பார்கள். பார்டரில் ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் பிசகு வந்தால் அட்டையைப் பார்ப்பார்கள். யாரும் பாவு முழுவதையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதில்லை. எடுத்த எடுப்பில் ஃபார்மட் அடிப்பது பாவை அறுக்கிற வேலைதான். தேதி மாறுகிறது என்ற துப்பு கண் முன்னால் இருந்தது. அதை யாரும் விசாரிக்கலை.

அப்படியானால் எங்கிருந்து ஆரம்பிப்பது? வெளியிலிருந்து. ‘ஆன் ஆகலை’ என்று வந்தால் மாமா முதலில் வேறு ஒயர், வேறு பிளக் போட்டுப் பார்ப்பார். மானிட்டருக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறதே, அதையும் பார்ப்பார். பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் பின்னால் சிவப்பாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, இன்னொரு பக்கம் 230. இது என்னன்னு பார்க்கலாமேன்னு 115-க்குத் தள்ளிவிட்டு நம்ம வீட்டு 230 வோல்ட் கரண்டைக் கொடுத்தால் ‘டமால்’தான்.

‘கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு இருக்கு’ என்றும் நிறைய பேர் வருவார்கள். பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இருக்காது, வீட்டு பிளக்கில் எர்த் இருக்காது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் வடிகட்டிகள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கேபினெட்டுக்கு வரும். அது எர்த் வழியாகப் போகணும். வழி இல்லாவிட்டால் நம் விரல் வழியாகப் போகும். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை ஒடித்துவிட்டுச் சொருகுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

வெளியே எல்லாம் சரி என்றால் மட்டும் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்ட் தீரும். ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். பவர் பட்டனிலிருந்து வரும் குட்டி ஒயர்களை மாற்றிச் சொருகிவிட்டு, ‘போர்டு செத்துப்போச்சு’ என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அடுத்து நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம். கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியில் தேய்த்தால் மின்னூட்டம் உண்டாகும் என்று இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அந்தப் பட்டு நம் வீடு முழுக்க இருக்கிறது! உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் ஆனால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். அதைவிட மிகக் குறைந்த அளவே மெல்லிய சிப்புகளைக் கெடுத்துவிடும். அதனால் பட்டு, பாலியஸ்டர் உடுத்தியிருந்தால் பருத்திச் சட்டைக்கு மாறுங்கள். ராமைத் தொடும் முன் கேபினெட்டின் வெறும் இரும்பை ஒரு தரம் தொடுங்கள்.

‘பீப் பீப்’ என்று கத்தினாலோ திரை கறுப்பாக நின்றாலோ பல தடவை ராம்தான் காரணம். கழற்றி, தங்க நிறப் பல்லை சுத்தமான பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்ட வேண்டும். ஊதினால் எச்சில் ஈரம் போகும். ராமில் இருக்கும் பள்ளம் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அது பொருந்தவில்லை என்றால் திருப்பிப் பார்க்கணுமே தவிர அழுத்தக் கூடாது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ராமையும் மாற்றி, ஒயரையும் மாற்றி, பயாஸ் செட்டிங்கையும் மாற்றினால், பெட்டி ஓடினாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாது.

மாமா இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ‘4.10 மணி, ராம் மாற்றினேன், பலன் இல்லை’ என்கிற மாதிரி எழுதுவார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் ஒன்று படித்தேன். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டர் தகராறு செய்தபோது, அதை இயக்கியவர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடி, ஒரு ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்தார்கள். எடுத்து எறியவில்லை. நோட்டில் நேரம் போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூச்சியோ பஞ்சுத் தூசியோ, தறி வீட்டுப் பெட்டிக்குள் இரண்டும் வரும். ஃபேனில் தூசி அடைத்தால் சூடாகித் தானாக நின்றுவிடும். அதற்கும் ஃபார்மட் தேவையில்லை, பெயின்ட் பிரஷ் போதும். ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

நாம் தொடவே கூடாதவையும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரிக்காதீர்கள். அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய உடனே அது போய்விடாது. லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். ஹார்டு டிஸ்க்கில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது, என்ன கோளாறு, எப்போதிலிருந்து, நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். ‘நான் ஒண்ணுமே பண்ணலை சார்’ என்று சொல்லிவிட்டு, நாலு ஸ்குரூ குறைவாக இருக்கும் பெட்டியைக் கொடுத்தால் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

– பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு