வேதாகமத்தின் அதிகாரம்

"இது வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?" என்று அயலவர் கேட்கும்போது, பதில் தெரியாது நாம் விழிப்பதுண்டு. வேதாகமத்தின் அதிகாரம் எத்தகையது என்பதை ஒவ்வொரு கத்தோலிக்கக் குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

ஆண்டவர் இயேசு நூல் எதனையும் எழுதிவைக்கவில்லை. அப்போஸ்தலரைப் போதிக்க அனுப்பினார். புதிய ஏற்பாடு எழுதப்படுமுன்னரே திருச்சபை நற்செய்தியை அறிவித்து வந்தது. அதன் 27 நூல்களின் பட்டியலைப் புனித அத்தனாசியார் 367ஆம் ஆண்டு தமது பாஸ்கா மடலில் தருகிறார்.

அப்படியாயின் திருச்சபை வேதாகமத்திற்கு மேலானதா? இல்லை. அந்நூல்களை ஏவியவர் பரிசுத்த ஆவியானவர். ஆகவே அவற்றின் அதிகாரம் இறைவனுடையது. திருச்சபை அதனை இனங்கண்டு ஏற்றது. வேதாகமமும் திருமரபும் ஒரே ஊற்றிலிருந்து வருவன என்றும், திருச்சபையின் போதக அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் செய்வதே என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் கற்பித்தது.

பாப்பரசரும் ஆயர்களும் பணிந்து கேட்கவேண்டிய வார்த்தையை நாம் அலுமாரியில் பூட்டி வைக்கலாமா? எத்தியோப்பிய அரசியின் நிதிப் பொறுப்பாளர் தேரில் இருந்தபடியே இசையாஸ் ஆகமத்தை வாசித்தார். விளங்காததைப் பிலிப்புவிடம் கேட்டறிந்தார். அன்றே ஞானஸ்நானமும் பெற்றார்.

அன்பான பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு ஓர் அதிகாரத்தை வாசியுங்கள். விளங்காததைப் பங்குக் குருவிடம் கேளுங்கள். விளங்கியதைச் செய்யத் தொடங்குங்கள். இறைவார்த்தைக்குக் கீழ்ப்படியும் வீடே அதன் அதிகாரத்திற்குச் சாட்சி.