பேத்தியின் பன்னிரண்டு எண்கள்

செமிலிங்,
கெடா.

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. பெரியவளுக்கு இந்த வருஷக் கடைசியில் பன்னிரண்டு முடிகிறது, சுங்கைப்பட்டாணிப் பதிவிலாகாவுக்குப் போய் மைகார்டு அடையாள அட்டை எடுக்க வேண்டும், கையோடு கைத்தொலைபேசியும் வாங்கித் தரலாமா, இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று அவளுக்கு நான் சொல்லித் தர முடியுமா என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்கிக் கொடு. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கும்போது அவளிடம் மட்டும் இல்லாமல் வைத்தால், அடுத்த பிள்ளையின் போனில் நமக்குத் தெரியாமல் பார்ப்பாள். ஆனால் அவளுக்குச் சொல்லித் தருவதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

மைகார்டில் இருக்கும் எண் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு இலக்கமும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கெடாவில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 02. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இப்போது நீ முகநூலில் போட்ட பிறந்தநாள் படத்தை எடுத்துப் பார். கேக்கில் பெயரும் வயதும் இருக்கின்றன. படம் போட்ட தேதி இருக்கிறது. சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் அவளை முதன்முதலாகக் கையில் வாங்கிய கதையை ஆசையாக எழுதியிருக்கிறாய். அவளுடைய எண்ணில் எட்டு இலக்கம் அதிலேயே வெளியே வந்துவிட்டது. மிச்சம் நான்கு. பெண்பிள்ளை என்பதால் அதிலும் பாதி கழிந்து 5,000 எண்கள்தான் மிஞ்சும். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கறிக்கைகள் பலவற்றைத் திறக்க, அடையாள அட்டை எண்ணோ அதில் ஒரு பகுதியோதான் கடவுச்சொல் என்பது உனக்கே தெரியும்.

கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். இந்த எண்ணை மாற்ற முடியாது. பிறப்புப் பத்திரத்திலும் சிறு பிள்ளைகளுக்கான மைகிட்டிலும் இருந்த அதே எண்தான் மைகார்டிலும் வரும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடப்பிதழ், சம்பளம், ஈ.பி.எஃப்., எல்லாம் அதன் பெயரில்தான். 2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தியை வெளியிட்டது நினைவிருக்கிறதா? இந்த நாட்டின் கைத்தொலைபேசிச் சந்தாதாரர் பதிவுகள் 4 கோடியே 62 லட்சம் கசிந்து விற்பனைக்கு வந்திருந்தன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண், தொலைபேசி எண். நாட்டின் மக்கள்தொகையை விட அதிகமான பதிவுகள். அதில் உன்னுடையதும் என்னுடையதும் இருந்திருக்கலாம். அதை இனி யாரும் திரும்ப அள்ள முடியாது. பேத்தியின் முழு எண்ணாவது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்ற நமக்கு இப்போதுதான் வாய்ப்பு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தோட்டத்து ஜனங்களுக்கு இந்தக் காகிதங்கள் சும்மா வந்தவை இல்லை. லயத்தில் பிள்ளை பிறக்கும், பதிய ஆளிருக்காது. பதியப் போனால் தாயின் அடையாள அட்டை இல்லை என்பார்கள், கல்யாணப் பதிவு இல்லை என்பார்கள். ஒருநாள் பெரட்டு எனும் காலைப் பெயர் அழைப்புக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகும் என்று பயந்து பதிவு செய்யாமலே விட்ட குடும்பங்கள் எத்தனையோ. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டையோடு, பிறந்த மண்ணிலேயே அந்நியராக வாழ்ந்து செத்தவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். 2011-இல் அரசு மைடஃப்தார் என்று ஓர் இயக்கமே நடத்தி, ஆவணமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதியவைக்க வேண்டியிருந்தது. அப்படிப் பாடுபட்டு வாங்கிய பிறப்புப் பத்திரத்தையும் அட்டையையும் இன்றைக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படமெடுத்து அனுப்புகிறோம். கட்டுரைப் போட்டி, திருக்குறள் போட்டி, இலவச டியூஷன், உதவிநிதி என்று எது வந்தாலும் “ஐசி காப்பி அனுப்பவும்” என்று கேட்கிறார்கள். எல்லாரும் அனுப்புகிறார்கள், நாமும் அனுப்புகிறோம்.

கேள், மகளே. யார் கேட்கிறார்கள், எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று வாய்விட்டுக் கேள். வயதை மட்டும் உறுதிசெய்யத்தான் என்றால் பள்ளியின் கடிதம் போதாதா என்று கேள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதித் தேதி போட்டுக் கொடு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஆனால் அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கான சட்டம். அரசாங்கத்தை அது கட்டுப்படுத்தாது. சொந்தக் குடும்ப விவகாரத்துக்காக நாம் வைத்திருக்கும் தகவலுக்கும் அது பொருந்தாது. ஆகையால் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று எண்பது பேர் இருக்கிற குடும்பக் குழுவில் நீ போடும் படத்துக்கு நீதான் காவல்.

பேத்தியின் படத்தைப் போடுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. தன் படத்துக்கும் தன் பெயருக்கும் தானே சொந்தக்காரி என்பது, அம்மா தன்னிடம் கேட்கும்போதுதான் பிள்ளைக்குப் புரியும். அதன் பிறகு அவள் தோழியின் படத்தை எடுக்கும்போதும் கேட்பாள். ஆசிரியையாக வகுப்பில் நின்ற காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான்: பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது கணக்குத் திறப்பது. டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்றவை 13 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. அதற்காகப் பெற்றோரே பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்டுத் திறந்து கொடுக்கிறார்கள். அந்த நிமிடம் முதல் அந்தச் செயலிக்கு உன் மகள் பிள்ளை அல்ல. இன்ஸ்டாகிராம் 18-க்குக் கீழ்ப்பட்டவர்களின் கணக்கை மூடிய கணக்காக வைத்து, முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாமல் செய்கிறது. பொய் வயது போட்டால் அந்தப் பாதுகாப்பு அத்தனையும் போய்விடும். நம் நாட்டிலும் 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்பதும் அரசின் முடிவு. அவள் காத்திருக்கட்டும். 13 முடிந்த பிறகு புலனத்தில் உறவினரோடு பேசட்டும், அதில் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை நீயே உட்கார்ந்து போட்டுக் கொடு. ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்து, “தவறி உனக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு” என்று மாமாவே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல். அப்படிக் கேட்பது மாமாவாக இருக்காது, மாமாவின் கணக்கைத் திருடியவனாக இருப்பான்.

சின்னவன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் விளையாடுவது மாப்பிள்ளையின் போனில். அதில்தான் வங்கிச் செயலியும் இருக்கிறது, பணம் அனுப்ப ஒப்புதலும் அதில்தான் கேட்கிறது. கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. கோப்பு ஒன்று புலனத்தில் வந்து, அதைத் தொட்டவர்களின் கணக்கு காலியான கதைகள் நிறைய. ஆறு வயதுப் பிள்ளை எதையும் தொடுவான். பழைய போன் ஒன்றைத் துடைத்து, சிம் இல்லாமல் அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எனக்கு மனத்தில் பாரமாக இருப்பதைச் சொல்கிறேன்.

யுனிசெஃப், எக்பாட், இண்டர்போல் மூன்றும் சேர்ந்து மலேசியாவைப் பற்றி 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 100-க்குக் குறைந்தது 4 பேர், ஒரே ஆண்டுக்குள், இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளாகியிருந்தார்கள். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள். அது தொடங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். விளையாட்டில் ஒருவன் நட்பாகிறான். விளையாட்டில் செலவழிக்கும் வைரம் வாங்கித் தருகிறான். வேறு செயலிக்கு வா, அங்கே பேசலாம் என்கிறான். எந்தப் பள்ளி, வீட்டில் யார் யார், அம்மா எத்தனை மணிக்கு வருவார் என்று மெல்ல மெல்லக் கேட்டு வைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு படம். அந்தப் படம் கைக்கு வந்ததும் மிரட்டல். முன்பு தோட்டத்துக்குள் வெளியாள் ஒருவன் நுழைந்தால், யாரு வீட்டுக்கு வந்தே என்று பத்துப் பேர் மறித்துக் கேட்பார்கள். இவன் யார் கண்ணிலும் படாமல் நேராகப் பிள்ளையின் படுக்கைக்கு வந்துவிடுகிறான்.

அவனுக்குப் பலம் எது தெரியுமா? அம்மா அடிப்பார், அப்பா போனைப் பிடுங்குவார், குடும்ப மானம் போய்விட்டது என்று அழுவார்கள் என்ற பிள்ளையின் பயம். “வீட்டில் சொல்லிவிடுவேன்” என்பதுதான் அவன் பிடித்திருக்கும் ஒரே ஆயுதம். வீட்டில் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அவன் கையில் ஒன்றுமே இல்லை. ஆகவே போனைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே நீயும் மாப்பிள்ளையும் அவளை உட்காரவைத்து வாக்குக் கொடுங்கள்: நீ என்ன தப்புச் செய்திருந்தாலும் எங்களிடம் வந்து சொன்னால் அடிக்க மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம். கொடுத்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றுங்கள். முதல்முறை அவள் ஏதோ சின்ன விஷயத்தோடு வந்து உன் முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்கு நீ எப்படி இருக்கிறாயோ, அதை வைத்துத்தான் பெரிய விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வாள்.

முகம் தெரியாதவன்தான் ஆபத்து என்றும் அவளுக்குச் சொல்லிவிடாதே. ரிச்சர்ட் ஹக்கில் என்ற பிரிட்டிஷ்காரன் கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு பழகி, உதவி செய்கிறவனாக நம்பிக்கை பெற்று, அந்த வீட்டுப் பிள்ளைகளையே சீரழித்துப் படங்களை இணையத்தில் பரப்பினான். 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே நம் நாட்டில் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. பிள்ளையிடம் தவறான எண்ணத்தோடு பேசிப் பழகுவதே அதன்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. நேரில் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. படத்தை அனுப்பியது பிள்ளையாகவே இருந்தாலும் தப்பு அவனுடையதுதான், அவளுடையது அல்ல.

படமே அனுப்பாத பிள்ளைக்கும் இன்று நிம்மதி இல்லை. 2025 ஏப்ரலில் ஜொகூர் கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் கைதானான். உடன் படிக்கும் மாணவிகளின் சாதாரணப் படங்களைச் சமூக ஊடகத்திலிருந்து எடுத்து, செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படங்களாக்கி விற்றான் என்பது புகார். சீருடையோடு நீ போட்ட படமும் அதற்குப் போதும்.

ஈஷாவை நீ மறந்திருக்க மாட்டாய். டிக்டாக்கில் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ராஜேஸ்வரி. நேரலையில் கேவலப்படுத்தினார்கள், மிரட்டினார்கள். போலீசில் புகார் கொடுத்தும், 2024 ஜூலையில் அந்தப் பெண்ணை இழந்தோம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி, ஏனென்றால் சிறு குற்றச் சட்டத்தில் அதுதான் உச்சம். நாடே கொதித்த பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கிறது. துன்புறுத்தும் எண்ணத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதும் இப்போது குற்றம். ஈஷாவைத் திட்டியவர்களும் தமிழில்தான் திட்டினார்கள். பார்த்துச் சிரித்தவர்களும் நம்மவர்கள்தான். இதைப் பேத்தியிடம் மறைக்காமல் சொல். அடுத்தவளின் முகவரியையோ படத்தையோ விளையாட்டாகக் குழுவில் தள்ளிவிடுகிற கை அவளுடையதாக இருக்கக் கூடாது.

ஏதாவது நடந்துவிட்டால் பதறாதே. எதையும் அழிக்காதே, திரையைப் படமெடுத்து வை, பெயரும் எண்ணும் தேதியும் தெரியும்படி. கேட்கும் பணத்தைக் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடியும் கேட்பான். பிறகு போலீஸ் நிலையம் போ. பெண்கள், சிறார் வழக்குகளுக்கு டி11 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளையின் அந்தரங்கப் படம் பரவும் என்று பயமிருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படம் உன் கைத்தொலைபேசியை விட்டு வெளியே போகாமலே, அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்து, சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை நீக்க வழி செய்கிறது.

மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல். முகநூலில் இருக்கும் பிறந்தநாள் படங்களை இன்றிரவே எடுத்துவிடு. தாலியான் காசே உதவி எண் 15999, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். பணம் ஏமாற்றப்பட்டால் உடனே அழைக்க வேண்டியது 997. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டு. பெரியவளையும் சின்னவனையும் மனப்பாடம் செய்யவை.

அன்புடன்,
பெரியம்மா