மலை சரியுமுன் வீட்டில் செய்யவேண்டிய தீர்மானம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்தன.

ஆபத்தான லயன்களை இடம் மாற்றுவது அரசினதும் தோட்ட நிர்வாகத்தினதும் கடமை. அதைக் கேட்பதை நாம் விடலாகாது. ஆனால் புதிய வீடு வரும்வரை மழை காத்திருக்குமா? ஆகவே, எப்போது வெளியேறுவது என்பதை மழை தொடங்குமுன்பே ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்துவிட வேண்டும்.

இருப்பதா, போவதா?

காற்று மட்டும் பலமாக வீசினால் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. மண் அசையும் என்ற பயம் இருந்தால் வீடு பாதுகாப்பல்ல. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். ஏறத்தாழ 3, 4, 6 அங்குலம் என்று நினைவில் வைக்கலாம்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். பக்கங்கள் நேராயுள்ள வெறும் பால்மா டின்னை, கூரைத் தண்ணீர் விழாத வெளியிடத்தில் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஊற்றிவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய இரவில் இந்த டின்தான் நமக்கு எச்சரிக்கை தரும்.

மழை அளவு குறைவாயிருந்தாலும், நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மரம் அல்லது மின்கம்பம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, கலங்கிய அல்லது திடீரென நின்றுபோன பீலித் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேறுங்கள். ஓடை வழியே இறங்காதீர்கள். சரிவுக்குப் பக்கவாட்டில் விலகிச் செல்லுங்கள். இருட்டுமுன் போவதே உத்தமம்.

எதை எடுப்பது?

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிரசாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். 1948இல் பறிபோன பிரசாவுரிமையை முழுமையாகப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்த மக்கள் நாம். ஒரு கடதாசியின் பெறுமதி நமக்குத் தெரியும். அதோடு மருந்து, டோர்ச், கம்பளி, கொதித்தாறிய தண்ணீர், பிஸ்கட் போதும். ஆடு மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். எடுக்க மறந்த பொருளுக்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

லயன் என்பது ஒரே கூரை. ஒரு காம்பரா மட்டும் தப்புவதில் பயனில்லை. நடக்கமுடியாத பாட்டியை யார் தூக்குவது, கர்ப்பிணிக்கு யார் துணை, அடைமழை இரவில் யார் முறைவைத்து விழித்திருப்பது என்பதை எல்லாரும் கூடிப் பேசுங்கள். கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது லயனுக்கு மேலே உள்ள சரிவில் இவ்வருடம் என்ன மாற்றம் கண்டோம்?

2. நாம் போய்த் தங்கும் பாடசாலையோ கோவில் மண்டபமோ வேறொரு சரிவின் கீழ் உள்ளதா? அதன் திறப்பு யாரிடம்?

3. பெற்றோர் மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆபத்து வந்தால், பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு இன்றிரவே ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள்.