முதலில் சீப்பு, பிறகு தண்ணீர்



சனிக்கிழமை காலை. வீட்டில் வளரும் காக்கர் ஸ்பேனியல் நாயின் மேல் லேசாக வாடை அடிக்கிறது. காதுக்குப் பின்னால் முடி கொஞ்சம் சிக்குப் பிடித்திருக்கிறது. 'குளிப்பாட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைத்து, ஷாம்பு போட்டுத் தேய்த்து, துண்டால் அழுத்தித் துவட்டி விடுகிறீர்கள். மறுநாள் பார்த்தால், அந்தச் சிறிய சிக்கு விரலால் பிரிக்கவே முடியாத கட்டியாக மாறியிருக்கிறது!

சுத்தம் செய்யத்தானே முயன்றோம்? எங்கே தவறு நடந்தது? விடை, முடியின் அமைப்பில் இருக்கிறது.

செய்து பாருங்கள்

தலையிலிருந்து உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் இருந்த முனை எது என்று குறித்து வையுங்கள். முடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகரும். எப்போதும் வேர் முனைதான் முன்னே செல்லும். முடியைத் திருப்பிப் பிடித்தால் திசையும் மாறிவிடும்.

முடியின் வெளிப்புறம், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்ணிய செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கி இருக்கும். ஆகவே முடி வேர்ப் பக்கமாக நகரும்போது உராய்வு குறைவு. நுனிப் பக்கமாக நகரும்போது உராய்வு அதிகம். ஒருவழிச் சாலையைப் போல, முடி ஒரு திசையில் மட்டும் எளிதாக நகர்கிறது.

உதிர்ந்தும் விழாத முடி

ஸ்பேனியல், புதர்களில் மறைந்திருக்கும் பறவைகளை வெளியே கிளப்பிவிடுவதற்காக வளர்க்கப்பட்ட வேட்டை நாய் இனம். காக்கர் என்ற பெயரே 'வுட்காக்' என்னும் பறவையிலிருந்து வந்தது. இதன் காது, மார்பு, வயிறு, கால்கள் ஆகியவற்றில் நீண்ட முடி தொங்கும். நாயின் தோலிலுள்ள ஒரே துளையிலிருந்து பல முடிகள் வெளிவரும். அவற்றுள் தடித்தது மேல்முடி, மென்மையானவை அடிமுடி.

ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்வெடுத்து, பிறகு உதிரும். குட்டை முடி நாய் என்றால் உதிர்ந்த முடி தரையில் விழுந்துவிடும். ஸ்பேனியலிலோ, உதிர்ந்த அடிமுடி நீண்ட முடிகளுக்கிடையே மாட்டிக்கொள்ளும். தோலில் பிடிப்பு இல்லாததால் அது நீங்கள் தேய்த்துப் பார்த்த முடியைப் போலவே நகரத் தொடங்கும். நாய் நடக்கும்போதும் சொறியும்போதும் அது மற்ற முடிகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். காதுக்குப் பின்புறம், முன்கால் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, விரலிடுக்கு ஆகிய இடங்களில் முதலில் சடை பிடிப்பது இதனால்தான். இவையெல்லாம் அதிகம் உரசும் இடங்கள்.

தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது?

முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தண்ணீர் பட்டதும் முடி நீரை உறிஞ்சி உப்புகிறது. செதில்கள் சற்றே தூக்கிக்கொள்ள, உராய்வு கூடுகிறது. கெரட்டினின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் தளர்கின்றன. முடி காயும்போது, அந்நேரம் எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் பிணைப்புகள் மீண்டும் உருவாகின்றன. சிக்கிய முடி, சிக்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது.

கம்பளிச் சட்டையைச் சலவை இயந்திரத்தில் போட்டால் சுருங்கிக் கெட்டியாவதும் இப்படித்தான். ஈரம், சோப்பு, தேய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆட்டு ரோமம் கெட்டித் துணியாகும். நாம் குளியலறையில் அறியாமல் செய்ததும் அதுவே!

அழகுப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. இறுகிய சடை, நாய் அசையும்போதெல்லாம் தோலை இழுக்கும். தலைமுடியை யாரோ நாள் முழுவதும் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். சடைக்கு அடியில் காற்று புகாது, ஈரம் காயாது. நம் வட்டாரத்தில் காற்றில் ஈரப்பதம் அதிகம். இச்சூழலில், தோலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகலாம். நாய் அரிப்பு தாங்காமல் நக்கிக் கடிக்க, சில மணி நேரத்திலேயே ஈரப்புண் உண்டாகிவிடலாம். சடைக்குள் ஒளிந்திருக்கும் உண்ணியும் கண்ணில் படாது. பழுப்பு நாய் உண்ணி, எர்லிக்கியா என்ற கிருமியைப் பரப்பிக் கடுமையான இரத்த நோயை உண்டாக்கக்கூடியது.

அப்படியானால் மொட்டை அடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நாயின் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான் இருக்கின்றன. உடலில் வியர்வை வழிந்து நாய் குளிர்வதில்லை. மூச்சிரைத்து, நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள நீரை ஆவியாக்கியே வெப்பத்தைத் தணிக்கிறது. முடி, வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது. சில நாய்களுக்கு மழித்த முடி பழையபடி வளர்வதில்லை. வயிற்றுப்புறத்தையும் பாதங்களையும் அளவாகக் கத்தரித்து, உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே செல்லும். உடல் முழுவதும் சடை பிடித்துவிட்ட நாய்க்கு மட்டும் மழிப்பதே வலி குறைந்த வழி. அதைக் கால்நடை மருத்துவரிடமோ பயிற்சி பெற்றவரிடமோ விட்டுவிடுங்கள்.

சரியான வரிசை

1. தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுங்கள். முடியை வகிடெடுத்து, அடுக்கடுக்காகத் தோல்வரை சீவ வேண்டும். மேலே மட்டும் தூரிகையால் தடவினால் மேற்புறம் பளபளக்கும். அடியில் சடை வளரும்.

2. சிக்கு இருந்தால் நுனியிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக வேரை நோக்கி வாருங்கள். மறுகையால் முடியின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், இழுவிசை தோலுக்குச் செல்லாமல் உங்கள் விரல்களிலேயே நின்றுவிடும்.

3. உலோகச் சீப்பு தடையின்றி ஓடினால் மட்டுமே குளியல். நாய்க்குரிய ஷாம்புவையே பயன்படுத்துங்கள். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. முடி வளரும் திசையிலேயே தடவுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

4. கண்டிஷனர் உதவும். ஈர முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது. கண்டிஷனரின் மூலக்கூறுகள் நேர்மின் தன்மை உடையவை. இரண்டும் ஒட்டிக்கொள்வதால் முடி வழுக்கும், உராய்வு குறையும். பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

5. துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். குளிர்ந்த காற்றால் தோல்வரை உலர்த்துங்கள்.

6. தொங்கும் காதைத் தூக்கிப் பாருங்கள். நாயின் காதுக்குழாய் கீழிறங்கி உள்நோக்கி வளைவதால் ஈரம் எளிதில் வெளியேறாது. துர்நாற்றம், சிவப்பு, ஓயாமல் தலையை உதறுதல் ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். பஞ்சுக்குச்சியை உள்ளே விடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: இறுகிய சடையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சடை தோலையும் மேலே இழுத்து வைத்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். ஆனால் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால், அந்த வாலிலுள்ள முடியைச் சிக்கில்லாமல் வைத்திருக்க முடியும். வலியைச் சொல்லத் தெரியாத ஒரு பிராணிக்கு அது பெரிய உதவி.

சிந்தித்துப் பாருங்கள்

1. உதிராத முடியைவிட உதிர்ந்த முடியே சடைக்கு முக்கியக் காரணம். ஏன்?

2. ஈரப்பதம் மிகுந்த நாளில் மூச்சிரைப்பதால் நாய் குளிர்வது குறைகிறது. ஆவியாதலைக் கொண்டு விளக்குக.

3. கண்டிஷனர் தடவிய முடியையும் தடவாத முடியையும் விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நகரும் வேகத்தில் வேறுபாடு உண்டா? பள்ளி ஆய்வகத்தில் சோதித்துக் குறித்து வையுங்கள்.